காதுக்குள் ஒரு சுழி

கல்லடிக்காரி:

பயந்த கதை கேட்டால் எல்லோரும் பேயோடு வருகிறீர்கள். என்னுடையது ஒரு சித்திரக்கதையும் அம்மாவின் தலைச்சுற்றும்.

ஜுன்ஜி இத்தோவின் ‘உசுமாக்கி’ 1998-99இல் ஜப்பானில் தொடராக வந்தது. பெயருக்குச் சுழி என்று பொருள். கடலோரச் சிற்றூர் ஒன்றை அந்த வடிவம் பிடித்து ஆட்டுகிறது. தலைச்சுழி பார்த்துப் பிள்ளையின் குணம் சொல்கிற ஆட்களிடையே வளர்ந்த எனக்கு அது அவ்வளவு தூரத்துக் கதையாகத் தெரியவில்லை.

அதில் ஒரு தகப்பன் சுருளாக இருப்பதையெல்லாம் சேர்த்துச் சேர்த்து, கடைசியில் தன் உடம்பையே சுருட்டிக்கொண்டு மரத்தொட்டிக்குள் கிடக்கிறார். அதன் பிறகு மனைவிக்குச் சுருள் என்றாலே ஆகாது. தலைமயிரை வெட்டுகிறாள். விரல்நுனி ரேகையைக்கூட விட்டுவைக்கவில்லை. எதுவும் அவள் கண்ணில் படாமல் மகன் காவல் நிற்கிறான். ஆனால் காதுக்குள்ளும் ஒரு சுருள் இருக்கிறதே, அதை எங்கே ஒளிப்பது?

அந்த இடத்தில் புத்தகத்தை மூடினேன். கட்டிலுக்குக் கீழே நுளம்புத்திரி வட்டமாகப் புகைந்துகொண்டிருந்தது. எழும்பி அதை வெளியே வைத்துவிட்டு, விடிய விடிய நுளம்புக்கடி வாங்கினேன். காலையில் குசினியில் அம்மா இடியப்பம் பிழிகிறார், தட்டுத் தட்டாகச் சுருள். பாண் வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து, படுக்கையால் எழும்பிய அம்மா “வீடு சுத்துது புள்ள” என்று சுவரைப் பிடித்தார். டொக்டரின் மேசையில் காதின் மாதிரி ஒன்று இருந்தது. உட்காதில் சுண்ணாம்புத் துகள் போன்ற நுண்ணிய படிகங்கள் உண்டாம், அவை இடம் மாறிப் பக்கத்துக் குழாய்க்குள் போனால் இப்படித்தான் சுற்றுமாம். அம்மா விரலை நீட்டிக் கேட்டார்: “இந்த நத்தை மாதிரி இருக்கிறது என்ன?” எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. “அதாலதான் அம்மா உங்களுக்குக் காது கேக்குது” என்றார் டொக்டர். அன்று பின்னேரமே அம்மா ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டார், தன் காதுக்குள் நத்தை இருக்கிறதென்று. சிரிப்பு வேறு.

தலையை ஒரு பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, மெல்ல மறுபக்கம் திருப்புவார்கள். இரண்டு முறை செய்ததில் சரியாகிவிட்டது.

என்னைப் பிடித்து உலுக்கியது வேறு. எத்தனை நாளாக என்று டொக்டர் கேட்டபோது அம்மா சொன்னது: “ஒரு மாசம் இருக்கும்.” ஒரு மாதமாகச் சுவரைப் பிடித்துத்தான் நடந்திருக்கிறார். நான் பக்கத்து அறையில், ஜப்பானில் ஒரு வீட்டில் அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று பக்கம் புரட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். புத்தகத்தை அலுமாரியில் சேலைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

அக்கரைப்பற்று மருமகன்:

எமிலி கரோலின் ‘எ கெஸ்ட் இன் த ஹவுஸ்’ வாசித்தீர்களா? 2023இல் வந்தது. மனைவியை இழந்த பல்வைத்தியர் ஒருவரைக் கட்டி, ஒரு பெண் அவர் வீட்டுக்குப் போகிறாள். பெரும்பாலும் சாம்பல் நிறப் படங்கள், முதல் மனைவியின் நிழல் வரும்போதுதான் நிறம் வெடிக்கும்.

எங்கட பக்கம் வீடு பெண்ணுக்கு. பெட்டியோடு போகிறவன் மாப்பிள்ளை. அதனால் அந்தப் பெண்ணின் இடத்தில் என்னை வைத்துத்தான் வாசித்தேன். முதல் ஆறு மாதம் கதிரையின் நுனியில்தான் இருப்பேன். இருமல் வந்தால் விழுங்குவேன். விழுங்கி விழுங்கி, ஒரு நாள் கடைத்தெருவில் வாய்விட்டு இருமியபோது அது யாரோ இருமிய மாதிரி இருந்தது. என் தொண்டைதான், ஆனால் சத்தம் வேறு. அந்தப் புத்தகத்தில் வரும் எந்த உருவத்தையும்விட அதற்குத்தான் பயந்தேன்.

ஒரு இரவு லைட் போடக் கூச்சப்பட்டு, இருட்டிலேயே தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றேன். மாமி வந்து லைட்டைப் போட்டு வீறிட்டுக் கத்தினார். அந்த வீட்டில் பேய் நான்தான். “மகன், இது உங்கட வீடு, லைட்டைப் போட்டாத்தான் என்ன?” என்று அழுகிற குரலில் ஏசினார். அன்றைக்குத்தான் சத்தமாக இருமினேன்.

கல்லடிக்காரி:

இருமல் கதைக்கு நன்றி, சிரித்துவிட்டேன். என் புத்தகம் போன கிழமை அகப்பட்டுவிட்டது. சேலை எடுக்கப்போன அம்மா நின்ற நிலையில் நாலைந்து பக்கம் புரட்டினார். நான் மூச்சுவிடவில்லை. வானம் முழுக்கச் சுருளாக இருந்த ஒரு பக்கத்தில் விரலை வைத்துச் சொன்னார்:

“இவனுக்கு நல்ல கை. இடியப்பம் புழிஞ்சா நூல் மாதிரி வரும்.”