புக்கிட் தீமாவுக்கு யார் யார் வருகிறீர்கள்?

குழு: புக்கிட் பாஞ்சாங் வீடு

வியாழன் இரவு

கவிதா: சனிக்கிழமை காலை புக்கிட் தீமா குன்றுக்குப் போகலாமா? அத்தை சிங்கப்பூர் வந்ததிலிருந்து தேக்கா சந்தையையும் முஸ்தபா கடையையும் தவிர எதையும் பார்க்கவில்லை.

அத்தை: முஸ்தபாவைக் குறை சொல்லாதே. இன்னும் ஒரு மாடி பாக்கி இருக்கிறது.

அம்மா: அண்ணிக்கு முழங்கால் வலி. மலையெல்லாம் ஏற வைக்காதே.

அத்தை: எவ்வளவு உயரமாம்?

பெரியப்பா: 163 மீட்டர் சொச்சம். நாட்டிலேயே உயரமான குன்று அதுதான்.

அத்தை: அண்ணா, இதைப் போய் மலை என்கிறீர்களே! திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்தவள் நான்.

பெரியப்பா: நீ மலையைச் சுற்றித்தான் வந்தாய், ஏறவில்லை. திருச்சியில் உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க ஏறினாயே, அந்தப் பாறை 83 மீட்டர். இது ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்கு.

அத்தை: அங்கே ஏறினால் பிள்ளையார் இருக்கிறார். இங்கே உச்சியில் யார் இருக்கிறார்?

முகில்: ஒரு பாறை. அதில் 163.63 மீட்டர் என்று எழுதியிருக்கும். எல்லோரும் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள், இறங்குவார்கள்.

முகில்: மேலிருந்து ஊரெல்லாம் தெரியும் என்று நினைக்காதீர்கள். மரம் மறைத்துவிடும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

பெரியப்பா: உச்சிக்காகவா போகிறோம்? வழியில் இருக்கும் காடுதான் விஷயம். இவ்வளவு கட்டடங்களுக்கு நடுவில் 163 ஹெக்டேர் காடு, அதில் ஒரு பகுதி யாரும் வெட்டாத பழைய மழைக்காடு. உயரமும் 163, பரப்பும் 163. ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி.

பெரியப்பா: 1854இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இங்கே வந்து தங்கினார். டார்வினைப் போலவே பரிணாமக் கொள்கையைத் தனியாகக் கண்டவர். இந்தச் சின்ன வட்டாரத்தில் மட்டும் சுமார் 700 வகை வண்டு பிடித்திருக்கிறார். அப்போது இங்கே புலி உண்டு. புலிக்காக வெட்டிய குழியில் நாம் விழுந்துவிடுவோமோ என்றுதான் அவருக்குப் பயம்.

அத்தை: புலி இப்போதும் இருக்கிறதா?

கவிதா: இல்லை அத்தை, குரங்குதான்.

அத்தை: அது போதும். புளியோதரை கட்டிக்கொண்டு வருகிறேன். குரங்குக்கும் இரண்டு வாழைப்பழம் எடுத்துக்கொள்ளலாம், புண்ணியம்.

கவிதா: ஐயோ வேண்டாம்! குரங்குக்குத் தின்னக் கொடுத்தால் 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம்.

அத்தை: ஒரு வாழைப்பழத்துக்கா?

பெரியப்பா: ஆமாம். மனிதர் கொடுத்துப் பழகிய குரங்கு பையைப் பார்த்தாலே பிடுங்க வரும். பிளாஸ்டிக் பை கையில் தொங்கவே கூடாது, முதுகுப்பைக்குள் தண்ணீர் மட்டும். புளியோதரை வீட்டில் இருக்கட்டும், நான் மதியம் வந்து சாப்பிட்டுக்கொள்கிறேன்.

முகில்: என் நாயைக் கூட்டி வரலாமா? அதற்கும் ஓர் உடற்பயிற்சி.

பெரியப்பா: கூடாது. அந்தக் காட்டுக்குள் நாய்க்கு அனுமதியே இல்லை. பட்டை லங்கூர் என்று இலை தின்னும் கறுப்புக் குரங்கு இனம் ஒன்று அங்கே இருந்தது. புக்கிட் தீமாவில் மிஞ்சியிருந்த கடைசிக் குரங்கை 1987இல் நாய்கள்தான் கடித்துக் கொன்றன.

முகில்: சரி சரி, நாய் வீட்டில் இருக்கும்.

வெள்ளி மாலை

அம்மா: எத்தனை மணிக்கு? காரிலா ரயிலிலா?

கவிதா: ரயில். காரை நிறுத்த இடம் கிடைக்காது. டவுன்டவுன் பாதையில் ஏறினால் பியூட்டி வேர்ல்டு நான்காவது நிலையம். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் அடிவாரம். காலை 7 மணிக்குத் திறப்பார்கள், அப்போதே போய்விட வேண்டும். மதியம் தாண்டினால் இடியும் மழையும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

முகில்: சனிக்கிழமை 7 மணிக்கா? எந்த ஊர் நியாயம் இது?

கவிதா: கழிப்பறை அடிவாரத்தில் இருக்கிறது. போய்விட்டுத்தான் ஏற வேண்டும். ஆதி, உன்னைத்தான் சொல்கிறேன்.

கவிதா: இது ஆதி, அம்மா போனில். தாத்தா, காட்டுக்குப் பக்கத்தில் பெரிய விரைவுச்சாலை இருக்கிறதே, எறும்புத்தின்னி எப்படிக் கடக்கும்?

பெரியப்பா: நல்ல கேள்வி. அந்தப் பக்கம் மெக்ரிட்சி காடு, இந்தப் பக்கம் புக்கிட் தீமா. முன்பு இரண்டும் ஒன்று. 1986இல் விரைவுச்சாலை வந்து நடுவில் பிளந்துவிட்டது. அப்புறம் 2013இல் விலங்குகளுக்கு மட்டும் ஒரு பாலம் கட்டினார்கள். 62 மீட்டர் நீளம், மேலே மண் கொட்டி மரம் வைத்திருக்கிறார்கள். எறும்புத்தின்னி அதில் போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது.

கவிதா: மனிதர்களும் அதில் போகலாமா? (ஆதி)

பெரியப்பா: கூடாது. உன்னைப் பார்த்தால் எறும்புத்தின்னி திரும்பிப் போய்விடும்.

அம்மா: நான் மேலே ஏற மாட்டேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

பெரியப்பா: நீ ஏற வேண்டியதில்லை அம்மா. அடிவாரத்திலேயே ஹிண்ட்ஹீட் பூங்கா இருக்கிறது. பழைய கருங்கல் குவாரியில் தண்ணீர் நிறைந்து குளமாகிவிட்டது. உட்கார்ந்து பார்க்கலாம்.

சனி காலை

அப்பா: இரவு வேலை முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். ஒருவரையும் காணோம். படம் அனுப்புங்கள்.

அம்மா: நான் குவாரிப் பக்கம் இருக்கிறேன். இவர்கள் ஏறி அரைமணி நேரம் ஆகிறது. அடுப்பில் காப்பி இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

முகில்: தார்ச்சாலைதானே என்று நினைத்தேன். தொடக்கத்திலேயே நெட்டுக்குத்தாக ஏற்றம். இதயம் காதுக்குள் அடிக்கிறது.

அப்பா: அத்தை?

முகில்: முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். செருப்பு இல்லாமல் நடக்கலாமா என்று கேட்டதைப் பெரியப்பா தடுத்துவிட்டார்.

அப்பா: பாதையை விட்டு உள்ளே இறங்காதீர்கள். முன்பு ஆட்கள் மிதித்து மிதித்து மண் சரிந்துதான் 2014லிருந்து இரண்டு வருடம் மூடிவைத்துப் பழுது பார்த்தார்கள்.

பெரியப்பா: (படம்) இதில் என்ன இருக்கிறது, கண்டுபிடியுங்கள்.

அம்மா: மரம்.

அப்பா: மரத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது.

பெரியப்பா: கொலுகோ! பகலில் இப்படித்தான் பட்டையோடு ஒட்டிக்கொண்டு தூங்கும். பறக்கும் லெமூர் என்பார்கள், ஆனால் அது லெமூரும் இல்லை, பறப்பதும் இல்லை. கழுத்திலிருந்து வால் வரை தோல் விரித்து மரம் விட்டு மரம் சறுக்கும். மூன்று பேர் அந்த மரத்தைக் கடந்து போனார்கள், ஒருவரும் பார்க்கவில்லை. கண்டுபிடித்தது ஆதி.

அத்தை: அண்ணா, இங்கே ஒரு கரிச்சான் கத்துகிறது. வால் நுனியில் இரண்டு கரண்டி தொங்குகிறது!

பெரியப்பா: துடுப்புவால் கரிச்சான். நம் ஊர் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. மற்ற பறவைகளின் குரலையும் போலியாகக் கத்தும், ஏமாந்துவிடாதே.

அத்தை: சிங்கப்பூர் வந்து முதல் தடவையாக ஒரு சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கிறது.

அம்மா: அப்போது நாங்கள் எல்லாம் யார் அண்ணி?

கவிதா: (படம்) உச்சி! அத்தை முதல், ஆதி இரண்டாவது, பெரியப்பா மூன்றாவது. முகில் கடைசிப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான்.

முகில்: குரங்கு வழியை மறித்துக்கொண்டிருந்தது. மரியாதைக்காகக் காத்திருந்தேன்.

கவிதா: குரங்கு அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா: இங்கே குளத்துக் கரையில் நல்ல காற்று. நீங்கள் வந்து சேர்வதற்குள் நான் ஒரு தூக்கம் போட்டுவிடுவேன் போலிருக்கிறது. இறங்கும்போது அண்ணியின் கையைப் பிடித்துக்கொள். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் கேட்கும்.

சனி மதியம்

அப்பா: எங்கே இருக்கிறீர்கள்? புளியோதரை என்னைப் பார்க்கிறது.

கவிதா: அதே ரயிலில் நேராக லிட்டில் இந்தியா போய் இறங்கிவிட்டோம். அத்தைக்கு மசால் தோசை.

அப்பா: அப்போது புளியோதரை எனக்கா?

பெரியப்பா: பாதி வை. வியாழக்கிழமையே முன்பதிவு செய்தவன் நான்.

அத்தை: மலை நல்ல மலைதான், ஒத்துக்கொள்கிறேன். அடுத்து அந்த மெக்ரிட்சியில் மரங்களுக்கு மேலே தொங்கு பாலம் இருக்கிறதாமே, ஆதி சொன்னான். நாளை மறுநாள் போகலாமா?

பெரியப்பா: திங்களன்று அந்தப் பாலத்தை மூடிவிடுவார்கள். 250 மீட்டர் நீளம், ஒருவழிப் பாதை. ஆனால் பாலத்துக்குப் போகத்தான் நடை அதிகம். வீனஸ் டிரைவ் பக்கமிருந்து போனாலும் போய்வர 7 கிலோமீட்டர் ஆகும்.

அத்தை: கிரிவலத்தில் பாதி. செவ்வாய்க்கிழமை போகலாம். முகில், நீயும் வா.

முகில்: செவ்வாய் எனக்கு வேலை இருக்கிறது அத்தை.

அம்மா: அவனுக்கு அன்று விடுப்பு அண்ணி. நாட்காட்டியில் அவனே எழுதி வைத்திருக்கிறான்.

கவிதா: சரி, நான்கு பேர். 8 மணிக்குக் கீழ்த்தளத்தில் நிற்க வேண்டும். முகில், நீ ஏழரைக்கே.