பொருள்: திருவிழாப் படங்களின் பழைய எண்கள் – இறுவட்டு, பழைய கணினி வைத்திருப்பவர்கள் பார்க்கவும்

அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

திருவிழாப் படங்களின் பழைய எண்களை எப்படித் திரும்பக் கண்டுபிடிப்பது என்று மலர்க்குழு கேட்ட கேள்விக்குப் பதில் இது. கொஞ்சம் நீளம்தான். பழைய கணினியோ இறுவட்டோ (சீடி) வீட்டில் வைத்திருப்பவர்கள் மட்டுமாவது முழுதாக வாசியுங்கள்.

விசயம் தெரியாதவர்களுக்கு: 2002இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்த பிறகு ஊருக்குப் போய் வந்தவர்கள் எடுத்த படங்களெல்லாம் சங்கத்தின் வன்தட்டில் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் நிற்பவர்கள் யார் யார் என்று வாசிகசாலை மாஸ்டர் அந்த நேரமே ஒரு கொப்பியில் எழுதி வைத்தார். கமராத் திரையில் தெரிந்த எண்ணைப் போட்டுத்தான் எழுதியிருக்கிறார்: "102-0234, தேர்முட்டியடி, இடமிருந்து வலம்" என்று தொடங்கிப் பெயர்கள் வரும். பிறகு யாரோ ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், எல்லாப் படங்களையும் "கோயில் திருவிழா (1)", "கோயில் திருவிழா (2)" என்று மாற்றிவிட்டார். இப்போது கொப்பியில் உள்ள எண் எந்தப் படம் என்று தெரியவில்லை. யார் மாற்றியது என்ற விசாரணையை இங்கே தொடங்க வேண்டாம். அது முடிவதற்குள் மலர் வெளியீடும் முடிந்துவிடும்.

படத்துக்குள்ளேயே பழைய பெயர் எங்காவது பதிந்திருக்கும்தானே என்று பாரிஸ் தம்பி கேட்டிருந்தார். பொதுவாக இல்லை, தம்பி. கோப்பின் பெயர் கோப்புக்குள் இருப்பதில்லை. வட்டில் உள்ள அட்டவணையில்தான் இருக்கிறது. பெயரை மாற்றினால் அந்த அட்டவணையில் ஒரு வரி மாறும், அவ்வளவுதான். படத்தோடு கூடவே வரும் எக்ஸிப் தகவலில் எடுத்த நேரம், கமரா மாதிரி, ஒளித்துளை அளவு எல்லாம் உண்டு. ஆனால் 1995இல் வந்த அந்தத் தரத்தில் மூலப் பெயருக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை. அடோபி பிரிட்ஜ் என்ற படம் ஒழுங்குபடுத்தும் மென்பொருளில் மொத்தமாகப் பெயர் மாற்றும்போது பழைய பெயரைப் படத்துக்குள்ளேயே பத்திரப்படுத்த ஒரு தெரிவு உண்டு. நம்மாட்கள் விண்டோஸில் எல்லாவற்றையும் தெரிவு செய்து ஒரேயடியாக மாற்றியதால் அது நமக்கு உதவாது.

ஆனால் ஒரு நல்ல செய்தி. நம்மிடம் உள்ள படங்களில் பெரும்பகுதி கனன் கமராக்களில் எடுத்தவை. கனன் தன்னுடைய சொந்தக் குறிப்புப் பகுதியில் கோப்பு எண்ணையும் எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. எக்ஸிப்டூல் என்ற இலவச மென்பொருளில் (பில் ஹார்வி என்பவர் 2003 முதல் எழுதி வருவது) அந்தப் படங்களைத் திறந்தால் "102-0234" என்று மாஸ்டர் எழுதிய அதே வடிவத்தில் வந்து நிற்கிறது. முதல் மூன்று இலக்கம் கோப்புறை, பின் நான்கு இலக்கம் படம். அந்தக் காலத்துக் கனன்கள் நூறு படத்துக்கு ஒரு கோப்புறை போட்டதால் 0234ஆம் படம் 102இல்தான் இருக்கும். கொப்பியில் மாஸ்டரின் கையெழுத்து விளங்காத இடங்களில் இது நல்ல சரிபார்ப்பு. எக்ஸிப்டூலுக்குக் கொடுக்க வேண்டிய கட்டளை வரியை இங்கே எழுதினால் மடல் மேற்கோள் குறிகளை வளைத்துக் கெடுத்துவிடும். அதனால் தனி உரைக் கோப்பாக இணைத்திருக்கிறேன். மூலக் கோப்புறையில் கை வைக்காமல் பிரதி எடுத்துப் பிரதியில் ஓட்டுங்கள்.

ஓட்டுவதற்கு முன்பு படங்களைக் கமரா வாரியாகப் பிரித்துவிட வேண்டும். கமராக் கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் விதியே நான்கு எழுத்து, நான்கு இலக்கம் என்பதுதான். எண் 9999ஐத் தாண்டினால் மறுபடி 0001. ஆகவே ரொறன்ரோ அண்ணரின் கனனிலும் லண்டன் அக்காவின் கனனிலும் ஆளுக்கொரு "ஐஎம்ஜி_0234" இருக்கும். ஒன்றாகக் கொட்டினால் ஒன்று மற்றொன்றை அழிக்கும், அல்லது பின்னால் இன்னொரு எண் ஒட்டிக்கொள்ளும்.

கனன் அல்லாதவைதான் தலையிடி. நிக்கோன், சோனிப் படங்களில் நான் திறந்து பார்த்தவற்றில் எண் இல்லை. இவற்றுக்கு எடுத்த நேரத்தின்படி வரிசைப்படுத்திவிட்டு, சந்தேகமே இல்லாத இரண்டு படங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். உதாரணமாகக் கொப்பியில் 0234 தேருக்கு முன்னால் தேங்காய் உடைப்பது, 0251 பச்சை சாத்திச் சுவாமி இறங்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய வரிசையில் ஒன்றிலிருந்து மற்றது பதினேழாவதாக வந்தால் இடையில் எதுவும் அழிபடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எண் போடலாம். பதினைந்தாவதாக வந்தால் இடையில் இரண்டு படங்கள் கமராவிலேயே அழிக்கப்பட்டுவிட்டன. அப்போது, கொப்பியில் எத்தனை பேர் நிற்பதாக எழுதியிருக்கிறது, படத்தில் எத்தனை தலை என்று எண்ணிப் பார்த்துத்தான் இடைவெளியைப் பிடிக்க முடியும். இது ஊர் முகம் தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. கணினி தெரிந்த பிள்ளைகளிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நேரத்தை நம்பும்போது ஒரு கவனம். கமரா மணிக்கூட்டைப் பலரும் ஊர் நேரத்துக்கு மாற்றியிருக்க மாட்டார்கள். அக்காலத்து எக்ஸிப்பில் நேர வலயத்துக்கு இடமும் கிடையாது. அது 2016இல்தான் சேர்ந்தது. இன்னொன்று, இலங்கை நேரம் 2006 ஏப்ரல் நடுப்பகுதி வரைக்கும் கிரீன்விச்சிலிருந்து ஆறு மணித்தியாலம் முன்னே நின்றது. இப்போதுள்ள ஐந்தரை அல்ல. (வன்னியில் ஐந்தரை என்று பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள் என்பது நினைவிருக்கும்.) ஆகவே கோடையில் ரொறன்ரோ நேரத்திலேயே ஓடிய கமரா பத்து மணித்தியாலம் பின்னுக்கு நிற்கும். காலை எட்டு மணித் தேர், முதல்நாள் இரவு பத்து மணி என்று பதிந்திருக்கும். லண்டன் கமராவுக்கு ஐந்து, பாரிஸுக்கு நான்கு. திகதியைப் பார்த்துவிட்டு "இது முதல்நாள் இரவுச் சப்பறப் படம்" என்று முடிவு கட்டாமல் வெயிலைப் பாருங்கள்.

இவ்வளவு பாடும் படாமல் முடிக்க ஒரு வழி உண்டு. அதற்குத்தான் உங்கள் உதவி வேண்டும். பெயர் மாற்றுவதற்கு முன் எழுதப்பட்ட இறுவட்டு ஒன்று யாரிடமாவது இருந்தால் போதும். பெயரை மாற்றினாலும் கோப்பின் உள்ளடக்கம் ஒரு துளியும் மாறாது. இரண்டு பக்கமும் உள்ள கோப்புகளின் ஹாஷ் எண்ணை (உள்ளடக்கத்திலிருந்து வரும் கைரேகை மாதிரியான எண்) கணக்கிட்டு ஒப்பிட்டால், எது எதன் பழைய பெயர் என்று சில நிமிடங்களில் பட்டியல் வந்துவிடும். கனனோ நிக்கோனோ, கவலை இல்லை. இடையில் யாராவது திருப்பிச் சேமித்த படங்கள் மட்டும் பொருந்தாது. அவற்றைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

இறுவட்டு இல்லாவிட்டாலும் விண்டோஸ் எக்ஸ்பி இருந்த பழைய கணினி பரணில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். எக்ஸ்பியில் படங்களைச் சிறுபடங்களாகப் பார்த்த ஒவ்வொரு கோப்புறையிலும் "தம்ப்ஸ்.டிபி" என்று ஒரு மறைகோப்பு உருவாகும். அதற்குள் சிறுபடமும் அதன் கோப்புப் பெயரும் சேர்ந்தே இருக்கும். படங்களை அழித்த பிறகும் அந்தப் பதிவுகள் தங்கிவிடுவது உண்டு. சிறுபடத்தைப் பெரிய படத்தோடு பொருத்தினால் எண் கிடைத்துவிடும். எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து இந்த முறையை மாற்றிவிட்டார்கள். அதனால் அதற்குப் பிந்திய கணினிகளில் தேடிக் களைக்க வேண்டாம்.

தயவுசெய்து படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கி, எக்ஸிப்பைக் கழற்றி, புதுப் பெயரும் வைத்துவிடும். அந்தப் பெயரில் உள்ள திகதியும் படம் எடுத்த திகதி இல்லை. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ஆவணமாக இணையுங்கள். இறுவட்டானால் தபாலில் அனுப்பாமல் முதலில் உங்கள் கணினியில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வருட வட்டு ஒருமுறை வாசித்தால் மறுமுறை வாசிக்கும் என்று உத்தரவாதம் இல்லை. மறைகோப்புகளும் சேர வேண்டும் என்பதால் கோப்புறையை அப்படியே முழுதாகப் பிரதி எடுங்கள்.

கனன் படங்களை நான் தொடங்கிவிட்டேன். புதுப் பெயர் "102-0234 தேர்முட்டியடி" என்ற மாதிரி வரும்: எண் முன்னால், இடம் பின்னால், ஆட்களின் பெயர் தனிப் பட்டியலில். நிக்கோன் படங்களுக்கு முகம் அடையாளம் காட்ட இரண்டு மூன்று பேர் வேண்டும். தெற்கு வீதி, கேணியடிப் பக்கத்து ஆட்களைத் தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது. சின்னக்காவும் லண்டன் மாமாவும் வருவதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் எனக்குத் தனிமடல் போடுங்கள். குழுவுக்கெல்லாம் "நானும்" என்று பதில் அனுப்பிப் பெட்டியை நிரப்ப வேண்டாம்.

கொப்பியின் ஸ்கான் பிரதியில் கடைசிப் பக்கங்கள் இரண்டு மங்கலாக இருக்கின்றன. ஊரில் கொப்பி இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொன்னால், அந்த இரண்டு பக்கத்தையும் மறுபடி படமெடுத்து அனுப்பச் சொல்லலாம்.