புதுப்பிப்பு: ஸ்பீட்மாஸ்டர் 40 விநாடி வேகமாக ஓடியது, காரணம் காந்தம்

பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வாட்ச் (1861 என்ற எண் கொண்ட இயந்திரம், கையால் சாவி கொடுப்பது) நாளுக்கு 40 விநாடி முந்துகிறதே, வாங்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. திசைகாட்டியை அருகில் வைத்துப் பார்க்கச் சொன்ன யோசனைதான் பலித்தது: முள் ஆடியது. ஹேர்ஸ்பிரிங் (வாட்சின் ஆட்டச் சக்கரத்தோடு இணைந்த மெல்லிய சுருள்வில்) காந்தமேறினால் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு நீளம் குறைந்ததுபோல் ஆகும், ஓட்டம் வேகமாகும்.

டீமேக்னடைசரில் (காந்தத்தை நீக்கும் கருவி) பொத்தானை அழுத்தியபடியே வாட்சைக் கை நீளத்துக்கு மெல்ல விலக்கி, அதன் பிறகே பொத்தானை விட வேண்டும். பக்கத்தில் வைத்தே விட்டால் காந்தம் மறுபடி ஏறும். இப்போது நாளுக்கு +6 விநாடி.

எதிர்பாராதது ஆம்ப்ளிட்யூட், அதாவது ஆட்டச் சக்கரம் எத்தனை டிகிரி ஆடுகிறது என்பது. டைம்கிராஃபரில் (டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி) லிஃப்ட் ஆங்கிள் (ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஏற்பக் கருவியில் கொடுக்க வேண்டிய கோணம்) வழக்கமான 52-இல் இருந்தபோது 250 காட்டியது. இந்த இயந்திரத்துக்கு உரிய 50-க்கு மாற்றியதும் 240. முழுச் சாவியில், டயல் மேல்நோக்கி, கிரோனோகிராஃப் (வாட்சிலுள்ள ஸ்டாப்வாட்ச்) நிறுத்திய நிலையில் இது குறைவு. எண்ணெய் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சர்வீஸ் செலவைக் கழித்துத்தான் விலை பேசி வாங்கினேன்.

ஹெசலைட் (ஒரு வகை பிளாஸ்டிக்) கண்ணாடியின் நடுவில் பொடி ஒமேகா சின்னம் இருக்கிறது (லென்ஸ் தேவை). கீறல்கள் பாலிவாட்ச் என்ற பாலிஷ் பசை தேய்த்ததில் போய்விட்டன.