வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது: தங்கச்சியின் பதிவை நீக்க வேண்டுமா?

கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். என் தங்கச்சி 2021-இல் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தபோது மேலாளர் அவளிடம் தவறாக நடந்துகொண்டார். வேலையை விட்டுவிட்டாள். போன மாதம்தான் ஃபேஸ்புக்கில் எழுதினாள். பெயர் போடவில்லை, கடையையும் சொல்லவில்லை. ஆனால் படித்த ஊர்க்காரர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

இப்போது அவர் தரப்பில் நோட்டீஸ். பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்க வேண்டும், 10 லட்சம் நஷ்டஈடு தர வேண்டும், இல்லாவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 356-ஆவது பிரிவில் அவதூறு வழக்காம். பதில் தர 15 நாள் கெடு.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான சான்று) வாங்கியிருக்கிறோம். அவர் இரவில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் பழைய போனில் அப்படியே இருக்கின்றன, போனை யாரும் தொடவில்லை. அப்போதே விஷயம் தெரிந்த தோழி ஒருத்தி சாட்சி சொல்லத் தயார். இலவச சட்ட உதவிக்கும் மனு கொடுத்தாயிற்று. பெண்களுக்கு அதில் வருமான வரம்பு கிடையாது. நாங்கள் பார்த்த உள்ளூர் வக்கீல், "மன்னிப்புக் கேட்டு முடிச்சிடுங்கம்மா" என்கிறார். சொந்தக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள். நடந்ததைச் சொன்னதற்கு அவள் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

பாலியல் தொல்லை பற்றி எழுதியதற்காகப் பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் போட்ட அவதூறு வழக்கில் 2021 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது. பல வருடம் கழித்தும் ஒரு பெண் தான் விரும்பும் இடத்தில் குறையைச் சொல்லலாம் என்றது. அது விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு, இங்கே கட்டுப்படுத்தாது என்பதும் தெரியும்.

அவதூறு வழக்கு நடத்திய வக்கீல்கள் சொல்லுங்கள்: பதிவை நீக்காமலே, எழுதியது உண்மை, பொதுநலனுக்காக எழுதியது என்று பதில் நோட்டீஸ் அனுப்பலாமா?