மறுமொழி: சீரியல் போர்ட் – 'தொடர் முனையம்' வேண்டாம், 'தொடர்துறை' போதும்

வணக்கம் நண்பர்களே,

> சீரியல் போர்ட்டைத் 'தொடர் முனையம்' என்றே சொல்லலாமே? மின்னியலில் முனையம் பழகிய சொல்தானே?

எனக்கு உடன்பாடில்லை. சீரியல் போர்ட் என்பது கருவிகளோடு தரவை ஒவ்வொரு பிட்டாகப் பரிமாறக் கணினியில் உள்ள இணைப்பிடம். விண்டோஸ் கையேடு என்றால், அங்கே அதற்குள்ள 'காம்1' என்ற பெயரை எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். நாம் எழுதும் கையேடு லினக்ஸ், பிஎஸ்டி, மேக் கணினிகளில் ஜாவா நிரல் ஓட்டுபவர்களுக்கு. அங்கே 'முனையம்' ஏற்கெனவே டெர்மினலுக்கு, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்துக்கு, போய்விட்டது.

வெறும் பெயர்க்குழப்பம் என்றால் விட்டுவிடலாம். லினக்ஸில் சாதனங்களின் பெயர்கள் இருக்கும் டெவ் அடைவில் உள்ள டிடிஒய்எஸ்0, டிடிஒய்யுஎஸ்பி0 பெயர்களில் இருக்கும் 'டிடிஒய்' டெலிடைப் என்ற பழைய தொலைத்தட்டச்சுக் கருவியின் பெயரிலிருந்து வந்தது. யூனிக்ஸ் (லினக்ஸ், பிஎஸ்டி, மேக் எல்லாம் அதன் வழியில் வந்தவை) இன்றும் அந்தப் போர்ட்டை டெர்மினலாகவே நடத்துகிறது: வரி முடியும்வரை எழுத்துகளைப் பிடித்து வைக்கும், வந்ததைத் திருப்பி அனுப்பும். ஆர்எக்ஸ்டிஎக்ஸ், ஜேசீரியல்காம் போன்ற ஜாவா நூலகங்கள் போர்ட்டைத் திறந்ததும் இந்தக் குணங்களை அணைத்து, பைட்டுகளை அப்படியே கடத்தச் சொல்கின்றன. இதை "முனையத்தின் முனையப் பண்புகளை அணைக்கும்" என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

துறை என்றால் வெளியிலிருந்து வருவது வந்து சேரும் இடம். படகுத்துறை, துறைமுகம் எல்லாம் அப்படித்தான். பிட்டுகள் ஒன்றையொன்று தொடர்ந்து வருவதால் தொடர்துறை. தொடர்வண்டி போல வினைத்தொகை, ஆகவே நடுவில் 'த்' போட வேண்டாம். பிணையத்திலும் (நெட்வொர்க்) துறை உண்டே என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே எப்போதும் எண் கூடவே வரும், குழப்பம் வராது. பல பிட்டுகளை ஒரே நேரத்தில் அனுப்பும் பேரலல் போர்ட்டுக்கு 'இணைத்துறை' இருக்கட்டும், இப்போது அதைத் தேடுவோர் குறைவு.

சொல்லைக் கையேட்டு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

"தொடர்துறையைத் திறக்க அனுமதி இல்லையெனில், டெபியன் லினக்ஸில் டயல்அவுட் குழுவிலும் ஆர்ச் லினக்ஸில் யுயுசிபி குழுவிலும் உங்கள் பயனர் கணக்கைச் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள்."

"ஆர்டுயினோ உனோ மின்னணுப் பலகையின் தொடர்துறை லினக்ஸில் டிடிஒய்ஏசிஎம்0 என்று தோன்றும். பழைய ஆர்எக்ஸ்டிஎக்ஸ் அந்தப் பெயரைத் தானாகத் தேடாது. ஜாவாவை இயக்கும்போதே நாம் சொல்ல வேண்டும்."

எனக்குச் சரளமாகவே படுகிறது. ஒரு நிரல் போர்ட்டைப் பயன்படுத்துகிறது என்று மற்ற நிரல்களுக்குக் காட்டும் லாக் ஃபைலுக்குப் 'பூட்டுக் கோப்பு' சரி, அதில் யாருக்கும் மறுப்பில்லை.

இன்னும் முடியாதது ஒன்று. மேக்கில் ஒரே தொடர்துறைக்கு 'டிடிஒய்', 'சியூ' என்று இரண்டு பெயர்கள். முதலாவதைத் திறந்தால், மறுமுனையிலிருந்து இணைப்பு இருப்பதைக் காட்டும் கேரியர் சமிக்ஞை வரும்வரை நிரல் பொதுவாக அப்படியே காத்து நிற்கும். இரண்டாவது காத்திருக்காது. ஜாவா நிரல் உறைந்துவிட்டது என்று பலர் தடுமாறும் இடம் இது, கையேட்டில் கட்டாயம் விளக்க வேண்டும். இயற்பியல் பாடநூலில் கேரியர் வேவ் 'ஊர்தி அலை'. அதையொட்டி, இந்தச் சமிக்ஞையை உணரும் 'கேரியர் டிடெக்ட்'டுக்கு 'ஊர்தி உணர்வு' என்று வைக்கலாமா? தொலைபேசிக் கம்பி வழியே கணினிகளை இணைக்கும் மோடம் பற்றித் தமிழில் எழுதியவர்கள் வேறு சொல் புழங்கியிருந்தால் சொல்லுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.