குழாயை மூடிட்டு அழும்மா

என் அப்பா இறந்து மூன்றாவது வாரம். மகளுக்கு அப்போது நாலரை வயது. அவள் முன்னால் அழக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். யாரும் சொல்லவில்லை, நானாக எடுத்த முடிவுதான். அழுகை முட்டிக்கொண்டு வந்தால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிடுவேன். வாளி நிறைந்து வழியும் சத்தத்தில் நான் அழுவது வெளியே கேட்காது. முகம் கழுவிக்கொண்டு வந்து, "கண்ணுல சோப்பு பட்டுடுச்சு" என்பேன். இந்தப் பொய்யை எத்தனை முறை சொல்லியிருப்பேனோ, கணக்கே இல்லை.

இன்னொரு தப்பும் செய்திருந்தேன். தாத்தா எங்கே என்று முதல் நாள் அவள் கேட்டபோது, "தூங்குறார் கண்ணு, இனிமே எழுந்திருக்க மாட்டார்" என்றேன். பக்குவமாகச் சொல்லிவிட்டதாக நினைப்பு வேறு. அன்றிலிருந்து ராத்திரியில் என்னை எழுப்ப ஆரம்பித்தாள். விரலால் என் இமையைத் தூக்கிப் பார்ப்பாள். "அம்மா, தூங்கிட்டியா?" நான் "ம்" என்றால் போதும், திரும்பிப் படுத்துக்கொள்வாள். சேட்டை என்று நினைத்து ஒரு நாள் அவள் கையைத் தட்டிவிட்டேன்.

பிறகு ஒரு நாள் அலமாரியில் எதையோ தேடும்போது அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு கையில் கிடைத்தது. உள்ளே துடைக்கிற துணி, அவர் மடிக்கிற மாதிரியே நாலாக மடித்து. அவ்வளவுதான். குளியலறை, தாழ், குழாய். கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அடியில் நாலு குட்டி விரல்கள் நுழைந்தன.

"அம்மா, தண்ணி வீணாப் போகுது."

"இதோ வந்துட்டேன்."

"குழாயை மூடிட்டு அழும்மா. நான் பார்க்க மாட்டேன்."

கதவைத் திறந்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "நீ வந்தப்புறம் சோப்பைத் தொட்டுப் பார்ப்பேன். அது காஞ்சே இருக்கும்" என்றாள்.

குழந்தைகள் எல்லாம் ஞானிகள் என்று உருகுகிற ஆள் இல்லை நான். அன்று சாயங்காலமே நீலப் பென்சில் உடைந்துபோனதற்காகத் தரையில் உருண்டு புரண்டவள்தான் இவளும். ஆனால் நான் மறைக்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தனக்குத் தெரியும் என்பதைக் காட்டினால் எனக்குச் சங்கடம் என்பதும் தெரிந்திருக்கிறது. வாரக்கணக்கில் என் பொய்யைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாள்.

அப்புறம்தான் இதைப் பற்றியெல்லாம் தேடிப் படித்தேன். அடுத்தவர் மனதில் இருப்பது தன் மனதில் இருப்பதிலிருந்து வேறு என்கிற புரிதல் பெரும்பாலான குழந்தைகளுக்கு நாலு வயதை ஒட்டித்தான் தெளிவாகிறதாம். விம்மர், பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1983இல் ஒரு சாக்லேட் கதையை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். ஹங்கேரியைச் சேர்ந்த மரியா நாகியின் 1948ஆம் வருட ஆய்வைப் படித்தபோதுதான் உறைத்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பலர் சாவைத் தூக்கம் போலவோ, எங்கோ புறப்பட்டுப் போனது போலவோதான் நினைக்கிறார்களாம். தானாகவே அப்படி நினைக்கிற வயதில் நானும் தூக்கம் என்றே சொல்லி வைத்திருந்தேன். அவள் இமையைத் தூக்கிப் பார்க்காமல் என்ன செய்வாள்?

அன்று குளியலறை வாசலில் அவளே கேட்டாள்.

"தாத்தா தூங்கலைதானே?"

"இல்லை கண்ணு. இறந்துட்டார். உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. மூச்சு இல்லை, பசி இல்லை, வலி இல்லை."

"முட்டி வலி?"

"அதுவும் இல்லை."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப நீ தூங்கினா எழுந்துப்பே."

"எழுந்துப்பேன்."

"சரி" என்று சொல்லிவிட்டு, ஈரமாக இருந்த என் முகத்தைத் தன் கவுன் நுனியால் துடைத்தாள். துடைத்த இடத்திலெல்லாம் வண்ணப் பென்சில் பொடி.

அன்று ராத்திரி அவள் என்னை எழுப்பவில்லை. நடுராத்திரியில் நான்தான் எழுந்து, அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன்.