தாய்மாமன் சீருக்காக அடகுக்குப் போன சங்கிலி

கரூர்க்காரி:
கல்யாணமாகி ஒன்பது வருடம். போன வாரம் ஒரு வளைகாப்புக்குக் கிளம்ப பீரோவைத் திறந்தால், அம்மா வீட்டில் போட்ட ஐந்து பவுன் சங்கிலியைக் காணோம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவைக்கூடச் சந்தேகித்தேன், நினைத்தால் கூசுகிறது. இரவு சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் இவர் வாய் திறந்தார். மார்ச்சில் நாத்தனார் மகள் காதுகுத்துக்குக் கைமாற்று வாங்கிச் சீர் செய்தாராம். மறுவாரமே சங்கிலியை வங்கியில் 1,20,000 ரூபாய்க்கு வைத்துக் கடனை அடைத்தாராம். அதே சங்கிலியைப் போட்டுக்கொண்டு சீர்த்தட்டு ஏந்தி முன்னால் நடந்தவள் நான்! கேட்டிருந்தால் நானே கழற்றிக் கொடுத்திருப்பேன். "கேட்டால் சண்டை வரும்" என்கிறார். நான்கு நாளாகப் பேச்சில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

சட்டம் தெரிந்தவன்:
சீதனத்தில் கணவருக்கு உரிமையில்லை, நெருக்கடியில் எடுத்தாலும் திருப்பித் தரவேண்டும் என்று 2024இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதைக் காட்டுங்கள்.

நகைக்கடன் கவுண்டர்:
தீர்ப்பைக் காட்டினால் ஐந்தாவது நாளும் பேச்சிருக்காது. இருபது வருடம் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், முதலில் அடகுச் சீட்டைக் கேளுங்கள். ஓராண்டுக் கடனென்றால் அடுத்த மார்ச்சில் கெடு. வட்டி 9 சதவீதம் என்றால் மாதம் 900 ரூபாய். பலர் வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைப்பார்கள். நகை வீடு திரும்பவே திரும்பாது. மாதம் 6,000 கட்டினால், நடுவில் ஒருமுறை மாற்றி வைத்தாலும், 22 மாதத்தில் மீட்டுவிடலாம்.

திருப்பூர் அக்கா:
"ஏன் மறைத்தீர்கள்" என்று தொடங்காதீர்கள் அம்மா. "நான் வேண்டாம் என்றிருந்தால் உங்கள் தங்கை முன்னால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேளுங்கள். என் வீட்டுக்காரர் அதற்குத்தான் வாய் திறந்தார். அப்புறம் மொய் நோட்டோடு உட்கார்ந்தோம். அடுத்த இரண்டு வருடத்தில் நாங்கள் செய்ய வேண்டியவை ஐந்து! அன்றிலிருந்து சீருக்கென்றே மாதம் 3,000 ரூபாய் சீட்டுப் போடுகிறோம். சின்ன மனத்தாங்கல்கள் இன்னும் உண்டு. பீரோ சாவி மட்டும் ஒளிவதில்லை.

கரூர்க்காரி:
அடகுச் சீட்டைக் கேட்டேன். பைக் பெட்டியிலிருந்து எடுத்தார். கூடவே மே மாதம் 4,000 கட்டிய ரசீது. அதையும் சொல்லவில்லை மனிதர். மொய் நோட்டு மாமியாரிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் போய்க் கேட்கப்போகிறோம்.